புறப்பட்ட உயரத்திலேயே இறக்கிவிடும் பஸ்: காத்மாண்டுவிலிருந்து ஸ்யாப்ருபேசி வரை

கேள்வி: "அக்டோபர் கடைசியில் நானும் மனைவியும் நேபாளத்தில் லாங்டாங் பள்ளத்தாக்குக்கு மலையேற்றம் போகிறோம். காத்மாண்டுவிலிருந்து ஸ்யாப்ருபேசி வரை பஸ்ஸில் போவதா, ஜீப்பில் போவதா? அந்த ரோட்டைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து நடையைவிட பஸ்தான் பயமாக இருக்கிறது. அந்த ஒரு நாளை எப்படிச் சமாளிப்பது?"

முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஸ் அங்கிருந்து காக்கனி முகட்டுக்கு, ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு ஏறும். பிறகு ஒரே இறக்கமாக இறங்கி திரிசூலி பஜாரில் 550 மீட்டருக்கு வந்துவிடும். மறுபடி முக்கி முனகி ஏறினால் துன்சே, திரும்பவும் 2,000. கடைசியில் இன்னொரு இறக்கம், ஸ்யாப்ருபேசி. அது 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஆக, ஏழெட்டு மணி நேரம், நாள் சரியில்லை என்றால் பத்து மணி நேரம்கூட, குலுங்கிக் குலுங்கி வந்து கிட்டத்தட்ட புறப்பட்ட உயரத்திலேயே இறங்குகிறீர்கள். தூரமும் 120 கிலோமீட்டரைச் சுற்றித்தான். முதல் தடவை கைக்கடிகாரத்தில் உயரத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பாடும் இதற்குத்தானா என்று நொந்துகொண்டேன்.

இரண்டாவது தடவைதான் அதன் அருமை புரிந்தது. மணாலியிலிருந்து லே போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பஸ்ஸே உங்களை 5,300 மீட்டர் தங்லாங் லாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். நடக்க ஆரம்பிக்கும் முன்பே உயரநோய் வந்து, இறங்கும்போதே நீங்கள் நோயாளி. ஸ்யாப்ருபேசி பஸ்ஸில் அந்த ஆபத்து இல்லை. இந்த ரோட்டில் தலை வலித்தால் அது உயரத்தால் வருவதில்லை. தண்ணீர் குடிக்காதது, டீசல் புகை, தூக்கமில்லாமை, காலிவயிறு, இவற்றில் ஒன்றாக இருக்கும். எனவே பஸ் நாளுக்கென்று டயமாக்ஸ் (உயரநோய்த் தடுப்பு மாத்திரை) போட வேண்டியதில்லை. அது தேவையா என்ற யோசனையெல்லாம் லாங்டாங் கிராமம் (சுமார் 3,400 மீட்டர்), கியான்ஜின் கோம்பா (சுமார் 3,850 மீட்டர்) போகும்போதுதான். அதையும் ஊரிலேயே மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் வேறொரு விஷயம் இருக்கிறது. மறுநாள் காலை ஸ்யாப்ருபேசியிலிருந்து லாமா ஹோட்டல் என்ற இடம் வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். முந்தின நாள் பஸ்ஸில் வாந்தி எடுத்து, பயத்தில் தண்ணீரும் குடிக்காமல், இரவும் சரியாகத் தூங்காமல் அந்த ஏற்றத்தைத் தொடங்கினால் மூன்றாம் நாள் கியான்ஜின் போகும் வழியில் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். மலையேற்றத்தின் முதல் நாளே இந்த பஸ் நாள்தான் என்று வைத்துக்கொண்டால் மற்ற ஏற்பாடுகள் தானாகச் சரியாக அமைந்துவிடும்.

பஸ்ஸா ஜீப்பா என்றால், அக்டோபர் கடைசிக்கு என் ஓட்டு பஸ்ஸுக்கு. ஜீப் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேரும், உண்மைதான். ஆனால் பகிர்வு ஜீப்பில் ஆட்கள் நிரம்பாமல் வண்டி கிளம்பாது. நிரம்பிய பிறகு கடைசி வரிசையில் முழங்காலை நெஞ்சோடு ஒட்டவைத்து உட்கார வேண்டும். வளைவில் அந்த வரிசைக்குத்தான் அதிக ஆட்டம். பஸ் மெதுவாகப் போகும், அந்த மெதுவில்தான் எனக்கு நம்பிக்கை. ஓட்டுநர் அதே ரோட்டில் அன்றாடம் போய் வருகிறவர், எந்த வளைவில் எதிரே லாரி வரும் என்று அவருக்குத் தெரியும். முழு ஜீப்பையும் நீங்கள் இருவரும் மற்ற இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து எடுத்துக்கொள்ள முடியுமென்றால் மட்டும் ஜீப் சரி.

டிக்கெட்டை முந்தின நாளே வாங்குங்கள். பஸ்கள் கிளம்பும் இடம் மச்சா போகரி, புது பஸ் பார்க்குக்குப் பக்கத்தில். சுற்றுலாப் பயணிகள் தங்கும் தமேல் பகுதியிலிருந்து டாக்ஸியில் இருபது நிமிடம், அதிகாலையில் அதற்கும் குறைவு. கவுன்ட்டரில் இருக்கும் சீட்டுப் படத்தில் விரலை வைத்துக் கேளுங்கள்: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, முன்பக்கமாக. பின் சக்கரத்தைத் தாண்டிய வரிசையில் ஒவ்வொரு குழிக்கும் ஓரடி எகிறுவீர்கள். "எங்கே உட்கார்ந்தால் என்ன" என்று கடைசி வரிசையை வாங்கிக்கொண்டு போன ஆளை நான் அறிவேன். அது நான்தான். தசைன் பண்டிகை ஒட்டிய நாட்கள் என்றால் இன்னும் முன்கூட்டியே வாங்க வேண்டும். அப்போது நேபாளமே ஊருக்குக் கிளம்பிவிடும், நம்மூர் பொங்கல் கூட்டம் மாதிரி.

எந்தப் பக்க ஜன்னல் என்று எல்லோரும் கேட்பார்கள். இடது பக்கம் பனிமலைக் காட்சி, வலது பக்கம் நிம்மதி என்று ஒருவர் சொன்னார். ரோடு வளைந்து வளைந்து போவதால் நான் அதைப் பெரிதாக நம்புவதில்லை. துன்சேக்கு முன்னால் வரும் ராம்சே மலைச்சரிவில் மட்டும் பள்ளம் பெரும்பாலும் இடது பக்கம் இருக்கும். யாருக்குக் கீழே பார்த்தால் வயிற்றைக் கலக்குமோ அவர் உள்பக்கம் உட்காரட்டும்.

வாந்தி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பயத்தில் பாதி இதுதான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'உடம்பு ஆடுகிறது' என்கிறது. முன் சீட்டின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'எதுவும் ஆடவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை குழம்பித்தான் குமட்டல் வருகிறது. எனவே கண்ணுக்கும் ஆட்டத்தைக் காட்டுங்கள். தூரத்து மலையையோ முன் கண்ணாடி வழியே ரோட்டையோ பாருங்கள். போனை உள்ளே வையுங்கள், வீடியோ எடுப்பதும் சேர்த்துத்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் சமாளித்தவர் என்றால் பெரிதாகக் கவலை வேண்டாம். ஆனால் அது ஒரு மணி நேரச் சங்கதி, இது ஒரு நாள் முழுக்க. அவோமின் மாதிரி மாத்திரை பழக்கம் இருந்தால் பஸ் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் வாந்தியோடு சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரும், வரட்டும். நடத்துனர் பிளாஸ்டிக் பை கொடுப்பார், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். முன் சீட்டில் பாட்டி ஒருத்தர் அமைதியாக அந்தப் பையில் வேலையை முடித்து, முடிச்சுப் போட்டு, உடனே ஆரஞ்சு உரித்துச் சாப்பிட ஆரம்பித்ததைப் பார்த்த பிறகு என் கூச்சம் போய்விட்டது.

பெரிய பை பஸ் கூரைக்குப் போகும், அல்லது பின்னால் டிக்கிக்கு. இரண்டிலும் புழுதி மாவு மாதிரி இறங்கும். காத்மாண்டு கடைகளில் பெரிய நைலான் சாக்கு கிடைக்கும், பையை அதற்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். மலையேற்ற ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே போங்கள். பை தொலைந்தாலும் மற்றதைச் சமாளிக்கலாம், கால் பழகிய ஷூவை மலையடிவாரத்தில் வாங்க முடியாது. கையோடு வைக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அனுமதிச்சீட்டு, மொத்தப் பணம், தண்ணீர், ஒரு ஸ்வெட்டர், மூக்கை மூட ஒரு துணி. விமானத்தில் நேபாளம் போகும் 15 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆதார் போதாது என்பது தெரிந்திருக்கும். பணத்தை காத்மாண்டுவிலேயே எடுத்துவிடுங்கள். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம், கணக்குப் போட எளிது. நேபாள நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும், ஏழு மணி பஸ்ஸுக்கு அது முக்கியம்.

பஸ் பாலாஜுவைத் தாண்டியதும் ஏறத் தொடங்கும். வானம் தெளிவாக இருந்தால் காக்கனியில் கணேஷ் இமால், லாங்டாங் பக்கத்துச் சிகரங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். காலை வெயிலில் அதைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பிறகு மணிக்கணக்கில் பனிமலையே கண்ணில் படாது. ரானிபௌவா கடைத்தெருவைத் தாண்டி நுவாகோட் மாவட்டத்தில் இறங்க இறங்க வெக்கை ஏறும். ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவீர்கள். வாழை மரமும் நெல் வயலுமாக இருக்கும். இமயமலைக்குத்தான் போகிறோமா என்று சந்தேகம் வரும். மேலே குன்றில் தெரியும் நுவாகோட் கோட்டையை 1744-ல் கோர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா பிடித்தார், காத்மாண்டு பள்ளத்தாக்கை அவர் கைப்பற்றியதற்கு அதுவே முதல் படி. திபெத் வியாபாரம் போன வழி இது. 1792-ல் சீனாவின் சிங் பேரரசுப் படையும் இதே பள்ளத்தாக்கில் இறங்கி வந்து பேத்ராவதி அருகே கோர்க்கா படையோடு மோதியது.

பத்து மணி வாக்கில் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். நேபாளத்தில் அந்நேரத்துக்கே முழுச் சாப்பாடு, தால்பாத். சோறு, பருப்பு, காய்கறி, ஊறுகாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். நமக்கு நாக்குக்குப் பழகிய சாப்பாடுதான், அதனால்தான் ஆபத்தும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ராம்சே ஏற்றத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரை வயிறு போதும். இங்கே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், அடுத்தது எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. கழிப்பறை இருக்காது என்று பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டார்கள், உங்கள் மனைவியை அப்படிச் செய்யவிடாதீர்கள். மறுநாள் கால் பிடித்துக்கொள்வதும் தலைவலியும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் "தாய், டாய்லெட்" என்று நடத்துனரிடம் சொன்னால் போதும். தாய் என்றால் நேபாளியில் அண்ணன். நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கும், முதல் இரண்டு தடவை நாக்கு தயங்கத்தான் செய்யும். கடைக்காரப் பெண்மணியை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடலாம்.

பேத்ராவதிக்குப் பிறகுதான் நீங்கள் வீடியோவில் பார்த்த ரோடு. காலிகாஸ்தான், ராம்சே, கிராங் என்று போகும் இந்த மலைச்சரிவு ஏன் இப்படி உதிர்கிறது என்றால், இந்திய நிலத்தட்டு ஆசியத் தட்டுக்கு அடியில் நெருக்கிக்கொண்டு போவதில் உண்டான பெரும் பிளவுகளில் ஒன்று இந்தப் பக்கமாகத்தான் கடந்து போகிறது. பாறை ஏற்கெனவே நொறுங்கிய பாறை. அதன்மேல் பருவமழை. அதற்கும் மேல் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம், அளவு 7.8. அது சரிவுகளை மொத்தமாகத் தளர்த்திவிட்டது. துன்சே வரை ரோடு போட்டதே 1980-களில், கணேஷ் இமால் பக்கம் ஈயம், துத்தநாகச் சுரங்கத்துக்காக ராணுவம் வெட்டியதுதான். சுற்றுலாப் பயணிக்கு என்று யாரும் வெட்டவில்லை. இப்போது அதில் நீர்மின் திட்டங்களின் டிப்பர்களும், சீன எல்லையான ரசுவாகடியிலிருந்து சரக்கு லாரிகளும் சேர்ந்து ஓடுகின்றன. கீழே ஆற்றை ஒட்டி மைலுங் வழியாகவும் ஒரு பாதை உண்டு, நிலைமையைப் பொறுத்துச் சில வண்டிகள் அதில் போகும். எந்தப் பாதை என்று அன்று காலை ஓட்டுநர் சொல்வதுதான் இறுதி.

எனவே பயம் நியாயமானதா? மழைக்காலத்தில் நியாயமானதுதான். 2024 ஜூலை 12 அதிகாலை, இதே திரிசூலி ஆற்றின் கீழ்ப்பகுதியில், சிமல்தால் என்ற இடத்தில் நிலச்சரிவு இரண்டு பஸ்களை ஆற்றுக்குள் தள்ளியது. அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அது வேறு நெடுஞ்சாலை, ஆனால் பாடம் ஒன்றுதான்: மழையில் வேண்டாம், இரவில் வேண்டவே வேண்டாம். 2025 ஜூலை 8-ல் திபெத் பக்கம் பனியாற்று ஏரி உடைந்து வந்த வெள்ளம் ரசுவாகடி எல்லையின் நட்புறவுப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. ஜூன் முதல் செப்டம்பர் வரை யாராவது இந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் போகாதே என்றுதான் சொல்வேன். நீங்கள் போவது அக்டோபர் கடைசி. மழை ஓய்ந்து, சரிவு காய்ந்து, உடைந்த இடங்களை ஓரளவு சீராக்கியிருப்பார்கள். இருந்தாலும் முந்தின மூன்று நாளில் பெருமழை பெய்திருந்தால் ஒரு நாள் காத்திருங்கள்.

சரிவு விழுந்து ரோடு அடைபட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை எங்களுக்கு ராம்சேக்கு முன்னால் அப்படி ஆனது. எல்லோரும் இறங்கினோம். சாமானை முதுகில் போட்டுக்கொண்டு, சேற்றிலும் கல்லிலும் கால் மணி நேரம் நடந்து அந்தப் பக்கம் போனோம். அங்கே எதிர்த்திசையில் வந்து மாட்டிக்கொண்ட பஸ் நின்றது. அதன் பயணிகள் இந்தப் பக்கம் வர, நாங்கள் அதில் ஏற, இரண்டு பஸ்ஸும் திரும்பிக்கொண்டன. யாரும் பதறவில்லை, கோழியோடு வந்தவர் கோழியோடு நடந்தார். அப்படி நடக்கும்போது ஒன்று மட்டும் கவனம்: மேலே கல் உருள்கிறதா என்று பார்க்க ஒருவரை நிறுத்தியிருப்பார்கள், அவர் கை காட்டினால்தான் காலெடுத்து வைக்க வேண்டும், நடுவில் நின்று படம் எடுக்கக் கூடாது.

துன்சேயில் சோதனைச்சாவடி. லாங்டாங் தேசியப் பூங்கா 1976-ல் உண்டானது, காவல் நேபாள ராணுவத்தின் கையில். வெளிநாட்டவர் எல்லோரும் இறங்கி அனுமதிச்சீட்டு காட்ட வேண்டும், பையையும் திறந்து பார்ப்பார்கள். இந்தியர்களுக்கு சார்க் நாட்டவர் கட்டணம், மற்ற வெளிநாட்டவருக்கு உள்ளதில் பாதி. ட்ரோன் இருந்தால் தனி அனுமதி இல்லாமல் சிக்கல். பஸ் உங்களுக்காகக் காத்திருக்கும், ஆனாலும் நடத்துனரிடம் முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

கோசாயிகுண்டா ஏரிக்குப் போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்வார்கள். ஆலகால விஷத்தைக் குடித்த சிவன் தொண்டை எரிச்சல் தீர திரிசூலத்தால் மலையைக் குத்தி நீர் வரவழைத்த இடம் அது என்பது நம்பிக்கை, கீழே ஓடும் ஆற்றுக்குத் திரிசூலி என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஜனை பூர்ணிமா அன்று, நம்மூர் ஆவணி அவிட்ட நாளில், ஆயிரக்கணக்கானோர் அங்கே நீராடப் போவார்கள். ஏரி 4,380 மீட்டர். துன்சேயிலிருந்து இரண்டே நாளில் ஓடி ஏறி உயரநோயில் விழுகிற யாத்ரீகர்கள் உண்டு. பஸ்ஸில் யாராவது "வாருங்கள், இங்கேயே இறங்கி முதலில் கோசாயிகுண்டா போய்விடலாம்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். லாங்டாங் முடித்து உடம்பு பழகிய பிறகு அந்தப் பக்கம் போவதுதான் முறை.

துன்சேக்குப் பிறகு ஒன்று ஒன்றரை மணி நேரம், கடைசி இறக்கம். பேசி என்றால் மலையடிப் பள்ளத்து நிலம். பெயருக்கேற்ப, போட்டே கோசியும் லாங்டாங் கோலாவும் சேரும் இடத்தில் ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் ஊர். பெரும்பாலும் தமாங் மக்கள் நடத்தும் விடுதிகள். சாயங்காலம் வந்து சேர்ந்ததும் படுத்துவிடாதீர்கள். புழுதியைக் கழுவிவிட்டு, ஆற்றங்கரை வரை அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், எட்டு மணி நேரம் மடங்கிக் கிடந்த இடுப்பும் முழங்காலும் விடும். வெந்நீர்க் குளியல் கிடைத்தால் குளித்துவிடுங்கள், மேலே போகப் போக அது காசும் கேட்கும், குளிரும் கேட்கும். ராத்திரி தால்பாத்தை இப்போது வயிறு நிறையச் சாப்பிடலாம்.

விடுதிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் 2015 பற்றிச் சொல்வார்கள். அன்று பனியும் பாறையும் சரிந்து லாங்டாங் கிராமம் ஏறக்குறைய முழுதாகப் புதைந்தது. பள்ளத்தாக்கில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீங்கள் நடக்கும் வழியில் அந்தக் கற்பரப்பு வரும், இறந்தவர்களின் பெயர் பொறித்த சுவரும் வரும். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

திரும்பும் பயணத்தில்தான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். நடந்து முடித்த மறுநாள் பஸ், அதற்கு மறுநாள் விடியற்காலை விமானம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரே ஒரு சரிவு, அல்லது ஒரு பந்த், அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். காத்மாண்டுவில் குறைந்தது ஒரு முழு நாள் உபரியாக வைத்துக்கொண்டு விமான டிக்கெட் போடுங்கள். ஸ்யாப்ருபேசியில் இறங்கும் அன்றைக்கு பஸ் நிற்கும் இடத்தையும் டிக்கெட் கொடுக்கும் கடையையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து திரும்பி வரும் சாயங்காலம், ஷூவைக் கழற்றுவதற்கு முன்பு, நேரே அந்தக் கடைக்குப் போய் மறுநாள் காலைக்கு இரண்டு சீட்டு வாங்கிவிடுங்கள். முன்பக்கமாக, சக்கரங்களுக்கு நடுவே.